சிவப்பின் மேல் ஒரு கட்டைவிரல்

கிழக்கு வெளுப்பதற்குள் முதல் மூட்டை அவிழ்ந்துவிட்டது. யார் யாரோ உடுத்திக் கழித்த சட்டைகள், போர்வைகள், பள்ளிச் சீருடைகள், ஒற்றைக் காலுறைகள் எல்லாம் ஈர வாடையோடு சிமெண்டுத் தரையில் சரிந்தன. பெண்கள் குந்தி உட்கார்ந்து பொத்தான்களையும் ஜிப்புகளையும் வெட்டி எறிந்தார்கள். வெட்டியதைக் கூடையில் அள்ளி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கிழிப்பு மிஷினின் வாயில் போட வேண்டும். உள்ளே இருப்பது ஆள் இடுப்புப் பருமனில் ஓர் இரும்பு உருளை. உடம்பெல்லாம் வளைந்த முட்கள். உள்ளே போன துணி மறுபக்கம் பஞ்சாக வந்து விழும். பஞ்சில் பாதி மெத்தைக்குப் போகும், மீதி நம் மூக்குக்குப் போகும் என்று மில்லில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. சிரித்தால் இருமல் வரும் என்பதால் யாரும் அதற்குப் பெரிதாகச் சிரிப்பதில்லை.

ஜன்னலோரத்து மிஷினில் கத்திரி நின்றாள். பொத்தான் வெட்டும் வேலையில் சேர்ந்ததால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். அவள் வாயில் அகப்பட்டு மீண்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். கொஞ்ச நாளாக அந்த வாய் மூடிக் கிடந்தது. அதுதான் மில்லில் எல்லோரையும் பயமுறுத்தியது.

அவள் நின்ற இடம் அவளுடைய தங்கை சின்னவள் நின்ற இடம். சின்னவளின் வலது கையைத் தின்ற மிஷினும் அதுதான். அதையே தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"அந்த மிஷின்ல நிக்க உனக்கு எப்படிக்கா மனசு வருது?" என்று மூட்டை கட்டும் நெட்டையன் கேட்டான்.

"மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே அது வர்றதும் போறதும்" என்றாள் கத்திரி. கூடையைக் கவிழ்த்தாள். உருளை உறுமி வாங்கிக்கொண்டது.

ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் தூணில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்பு ஒன்று. முன்பு இருந்த பெட்டியில் பச்சையை அமுக்கினால் மோட்டார் ஓடும், விரலை எடுத்ததும் பச்சை துள்ளி வெளியே வந்துவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் ஆள் வந்து பச்சையை மறுபடி அமுக்காமல் மோட்டார் அசையாது. சிவப்புக்குக் காளான் குடை மாதிரி பெரிய தலை. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். திருகி எடுக்கிற வரைக்கும் மோட்டார் மூச்சு விடாது.

அந்த வருஷம் கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் பெண்களைச் சும்மா இருக்க விடாமல் பொத்தான் வெட்ட அனுப்பினார் முதலாளி. கரண்ட் வந்ததும் ஒவ்வொருத்தியும் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பச்சையை அமுக்குகிற நேரம் அவர் கண்ணை உறுத்தியது. ஒயர்மேனைக் கூப்பிட்டார்.

"கரண்ட் வந்தா மிஷின் தானா ஓடணும். அதுக்கு ஏத்த பெட்டி வாங்கி வச்சிருக்கேன். மாட்டு."

ஒயர்மேன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முதலாளி, இது தண்ணி மோட்டாருக்கு ஆகும், ஃபேனுக்கு ஆகும். முள்ளு மிஷினுக்கு ஆகாது. பக்கத்துல நிக்கிற கையைப் பாத்துத்தான் சுவிட்ச் வாங்கணும்."

"நீ ஒயர் மாட்ட வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

ஒயர்மேன் ஒயர் மாட்டினான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாட்டினான்.

புதுப் பெட்டியில் பச்சையை அமுக்கினால் உள்ளேயே நின்றுகொள்ளும். இன்னொரு தடவை அமுக்கினால்தான் வெளியே வரும். சிவப்போ சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. விரல் அதன்மேல் இருக்கும் வரைதான் மோட்டார் நிற்கும். விரலை எடுத்தால் சிவப்பு துள்ளிவிடும், மோட்டார் மறுபடி ஓடும். துள்ள வேண்டியது நின்றது, நிற்க வேண்டியது துள்ளியது. ஆனால் முதலாளி கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. கரண்ட் வந்த நொடியில் மில் முழுவதும் தானாக ஓடியது.

மில்லில் ஒரு பழக்கம் ஊறிப் போயிருந்தது. உருளையில் துணி சுற்றிக்கொண்டால் மிஷினை நிறுத்திச் சுத்தம் செய்ய முதலாளி விடமாட்டார். மூட்டைக் கூலியை அவர் குறைத்த பிறகு நிறுத்த யாருக்கும் மனமும் இல்லை. அதனால் கரண்ட் போகிற நேரம்தான் சுத்தம் செய்கிற நேரம். விளக்கு அணைந்ததும் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுத் துணியைப் பிய்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் பொத்தான் வெட்டப் போவார்கள். பழைய பெட்டி இருந்த வரை அதில் ஆபத்து இல்லை. பெட்டி மாறியது, பழக்கம் மாறவில்லை.

கரண்ட் வருவதற்கு முன்னால் மிஷினுக்கு மேலே தொங்கும் பல்பு ஒரு தடவை மங்கலாகச் சிவந்து அணையும். பிறகு நாலு மூச்சு விடுகிற நேரத்தில் முழுசாக வந்துவிடும். "கண்ணடிக்குது" என்று யாராவது கத்துவார்கள், எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். விபத்து நடந்த அன்றைக்கும் யாரோ கத்தத்தான் செய்தார்கள். சின்னவள் பல்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை மிஷின் வாய்க்குள் குனிந்து, சுற்றிய போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்ற சத்தம் கேட்டுத்தான் கத்திரி ஓடினாள். சிவப்பை அமுக்கினாள். உருளை நின்றது. விரல் நுனிகள் மட்டும் முள்ளில் மாட்டியிருந்தன. தங்கை அவளைப் பார்த்தாள். கத்திரி பொத்தானை விட்டுவிட்டுத் தங்கையை இழுக்கப் பாய்ந்தாள். உருளை மறுபடி சுற்றியது.

முதல் சுற்றில் போனது விரல் நுனிதான். இரண்டாவது சுற்றில் மணிக்கட்டு வரை போனது. பச்சையை இன்னொரு தடவை அமுக்கி வெளியே எடுத்திருக்கலாம். நிறுத்துவதற்குப் பச்சையை அமுக்க வேண்டும் என்று பதறுகிற கைக்கு எப்படித் தோன்றும்?

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் வைத்துச் சொன்னார். "சிவப்பை அமுக்கினவ அமுக்கினபடியே நின்னிருந்தா கை போயிருக்காது. தங்கச்சி கையைத் தின்னது மிஷின் இல்ல, அக்கா."

கத்திரியின் வாய் அன்றைக்கு மூடியதுதான். இரவு கண்ணை மூடினால் கனவு வரும். கனவில் அவள் சிவப்பை அமுக்குவாள், விடவே மாட்டாள். விடிகிற வரை அமுக்கிக்கொண்டே இருப்பாள். எழுந்து பார்த்தால் கட்டைவிரல் பாயைக் குத்திக்கொண்டு விறைத்திருக்கும். பக்கத்தில் சின்னவள் கட்டுப் போட்ட கையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

கத்திரிக்கு வேண்டியது ஒன்றுதான். முதலாளியின் கை. பணம் வேண்டாம், மன்னிப்பு வேண்டாம், கை. அதற்காக அவள் ஒரு பாவமும் செய்யத் தேவையில்லை என்றும் அவள் கண்டுபிடித்திருந்தாள். வெளியாள் யாராவது வந்தால் முதலாளி தானே மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டு முள்ளைத் தடவிக் காட்டுவார். வெளிநாட்டுச் சரக்கு என்று பெருமை. அவர் வாங்கின பெட்டி, அவர் சொன்னபடி இருக்கட்டும். பச்சை உள்ளேயே கிடக்கட்டும். ஒரு நாள் கரண்ட் இல்லாத நேரத்தில் அவர் கையை விடுவார், கரண்ட் வரும். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவளை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

ஒயர்மேன் ஒவ்வொரு மிஷினாகப் போய் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கரண்ட் போனால் முதலில் பச்சையை வெளியே எடுத்துவிடுங்கள், முதலாளி பார்த்தாலும் பரவாயில்லை என்று. எல்லோரும் அப்படியே செய்தார்கள். கத்திரியிடமும் வந்தான்.

"அக்கா, நீ மட்டும் எடுக்க மாட்டேங்குற."

"மாட்டும்போது வராத வாய் இப்ப எதுக்கு வருது உனக்கு?"

"முதலாளி கிட்ட சொன்னேன்கா. கேக்கல."

"கேக்கலைன்னதும் மாட்டிட்ட. போ, போய் வேலையைப் பாரு. உன் கணக்கு தனியா இருக்கு."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

மில்லுக்குப் பின்னால் தொழிலாளர்களுக்கு வரிசையாக அறைகள். அதில் ஒன்றில்தான் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். விசாரணைக்கு ஓர் அதிகாரியம்மா வரப்போவதாகச் செய்தி வந்த அன்று முதலாளி சின்னவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கவனக்குறைவு தன்னுடையதுதான் என்று அந்த அம்மாவிடம் சொன்னால் அறையில் இருந்துகொள்ளலாம். சொல்லாவிட்டால் ஒற்றைக் கைக்காரிக்கு மில்லில் என்ன வேலை, அறையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அதிகாரி வரும் நாள் காலையில் சின்னவள் ரவிக்கைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு கூடைப் பொத்தான் வெட்டின கை போய்விட்டது. இடது கைக்கு ஒரு பொத்தானைப் போடத் தெரியவில்லை. கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுவிட்டாள்.

"அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டுப் போயிடுறேன்கா" என்றாள் சின்னவள். "கைதான் போச்சு. கூரையும் போகணுமா?"

"நீ சொல்றதைச் சொல்லு. நான் செய்யுறதைச் செய்யுறேன்."

"என்ன செய்யப் போற?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா நிப்பேன்."

சின்னவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

அதிகாரியம்மா வந்தபோது கரண்ட் இல்லை. மில் மௌனமாக இருந்தது. தூசி மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது. முதலாளி வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தான் மாட்டி, புது மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார்.

"மதியம் வரைக்கும் கரண்ட் வராதும்மா. கரண்ட் ஆபீஸ்ல கேட்டுட்டேன். சத்தம் இல்லாம நிம்மதியா விசாரிக்கலாம்."

ஜன்னலோரத்து மிஷின் முன்னால் சின்னவள் நின்று, தரையைப் பார்த்து, கவனக்குறைவு என்றாள். அதிகாரியம்மா விடவில்லை.

"மிஷின் ஓடும்போது கையை விட்டியாம்மா?"

"இல்லம்மா. கரண்ட் இல்லாதப்பதான் விட்டேன்."

"கரண்ட் இல்லாதப்ப எப்படிம்மா கை போகும்?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி குறுக்கே வந்தார். "அதைத்தானே நானும் கேக்குறேன். கரண்ட் இல்லைன்னா இது வெறும் இரும்பு. இவ வேற எதையோ மறைக்கிறா. இங்க பாருங்க." மூடியைத் தூக்கினார். முழங்கை வரை கையை உள்ளே விட்டார். "குழந்தை கூட விடலாம். இதோ, துணி சுத்தியிருக்கு. பிய்ச்சு எடுக்கிறேன், பாத்துக்குங்க."

கத்திரி தூணோரம் நின்றிருந்தாள். பச்சை உள்ளே கிடந்தது. அவள் இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். அவளுடைய நெஞ்சு ஆனந்தத்தில் அடித்துக்கொண்டது என்று சொன்னால் அது பொய்யில்லை.

மேலே பல்பு மங்கலாகச் சிவந்து அணைந்தது.

மில்லில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. நெட்டையன் கத்தவில்லை, ஒயர்மேன் கத்தவில்லை, சின்னவளும் கத்தவில்லை. எல்லோர் கண்ணும் பல்பிலிருந்து கத்திரிக்கு வந்தது. முதலாளிக்கு அந்தப் பல்பு என்ன சொல்கிறது என்று தெரியாது. துணியை இழுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். வரட்டும், என்று கத்திரி மனசுக்குள் சொன்னாள். வா, சீக்கிரம் வா.

அவளுடைய கட்டைவிரல் சிவப்பின் மேல் இருந்தது.

ஏன் அமுக்கினாய் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். தெரியாது என்றுதான் சொன்னாள். தினம் தினம் கனவில் விடாமல் அமுக்கிப் பழகின விரல். அது அவளைக் கேட்கவில்லை.

கரண்ட் வந்தது. பெட்டிகளில் பச்சையை வெளியே எடுத்து வைத்திருந்ததால் மற்ற மிஷின்கள் அசையவில்லை. எடுக்க மறந்த மூலை மிஷின் ஒன்று மட்டும் தானாக உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஆள் இல்லாமல் ஓடும் அந்த உருளையை முதலாளி பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்தார். முள் உள்ளே போவதற்கு வழி விடும், வெளியே வருவதற்கு விடாது. வெள்ளைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான் முள்ளுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. இன்னும் இழுத்தார், இன்னும் சிக்கியது.

யாரோ போய், பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு, மூலை மிஷினை நிறுத்தினார்கள்.

"இது ஏன் ஓடலை?" என்றார் முதலாளி. குரல் கீச்சென்று வந்தது.

"நான் சிவப்பைப் பிடிச்சிட்டிருக்கேன் முதலாளி" என்றாள் கத்திரி. "விட்டா ஓடும்."

"விட்டுடாதே. விட்டுடாதேம்மா. மெயினை அணைக்கச் சொல்லு."

"மெயின் ரூமைப் பூட்டி வச்சது நீங்கதானே. நாங்க சும்மா சும்மா அணைச்சிடுவோம்னு."

சாவி அவர் வீட்டில் மேசைக்குள் இருந்தது. அதிகாரியம்மா பதறிப்போய், "நிறுத்த வேற வழி கிடையாதா?" என்று கேட்டார்.

"இருக்குதும்மா. முதலாளிக்குத் தெரியும். அவர் பாத்துப் பாத்து வாங்கின பெட்டி. சொல்லுங்க முதலாளி, எதை அமுக்கணும்?"

"சிவப்பு... சிவப்பைத்தானே அமுக்கணும்?"

"சிவப்பைத்தான் அமுக்கிட்டிருக்கேன். அன்னைக்கும் இதைத்தான் அமுக்கினேன்."

பச்சையை இன்னொரு தடவை அமுக்கினால் போதும் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொத்தான் வெட்டும் மூலையிலிருந்து பெண்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"விரல் மரத்துப் போகுது முதலாளி" என்றாள் கத்திரி. "அன்னைக்கு என் தங்கச்சியை இழுக்க விரலை எடுத்தேன். இன்னைக்கு எடுக்கலை. இப்ப சொல்லுங்க. அவ கையைத் தின்னது யாரு?"

"தப்பா... தப்பாப் பேசிட்டேன்."

"பேசினதைக் கேக்கலை. தின்னது யாருன்னு கேக்குறேன்."

"பெட்டி. பெட்டிதான்."

"பெட்டியை வாங்கினது யாரு?"

"நான்."

"ஒயர்மேன் வேண்டாம்னு சொன்னானா இல்லையா?"

"சொன்னான்."

கத்திரிக்கு அது போதவில்லை. இத்தனை நாள் வயிற்றில் எரிந்தது இரண்டு வார்த்தையில் அணைந்துவிடுமா? அவளுடைய கட்டைவிரல் நிஜமாகவே நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒரு மயிரிழை தூக்கினால் போதும் என்று அந்த நடுக்கத்தோடு சேர்ந்து ஓர் ஆசையும் நடுங்கியது. அப்போது இன்னொரு பெரிய விரல் அவள் விரலின் மேல் வந்து அழுந்தியது. நெட்டையன்.

"நீ கேக்க வேண்டியதை நிதானமாக் கேளுக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

"அவனுக்கு வலிச்சா அடுத்தது நான்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "அதுக்கப்புறம் நான்" என்றாள் இன்னொருத்தி. ரேஷன் கடையில் நிற்பது மாதிரி ஒரு வரிசை உண்டாகிவிட்டது. முதலாளி அந்த வரிசையைப் பார்த்தார். அதில் யாருக்கு விரல் நழுவும் என்று அவருக்குத் தெரியவில்லை. யார் கூலியை எப்போது குறைத்தோம், யாரை எப்படிப் பேசினோம் என்று ஒவ்வொரு முகமாக அவர் நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சின்னவள் மெதுவாகத் தூணருகே வந்தாள். இடது கையை நீட்டிப் பச்சையை அமுக்கினாள். அது டக்கென்று வெளியே வந்தது.

"விரலை எடுங்க" என்றாள். "இனிமே ஓடாது."

"ஏண்டி?" என்றாள் கத்திரி. "ஏண்டி எடுத்த?"

"அவர் கை எனக்கு எதுக்குக்கா? அதை வச்சு என் பொத்தானைப் போட முடியுமா?" சின்னவள் அதிகாரியம்மாவிடம் திரும்பினாள். "நான் மொதல்ல சொன்னதை அழிச்சிடுங்கம்மா. கவனக்குறைவு என்னோடது இல்லை."

இரண்டு பேர் உருளையைப் பின்பக்கமாகத் திருப்பினார்கள். முதலாளியின் கை முழுசாக வந்தது. சட்டைக் கைதான் நார் நாராகக் கிழிந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஐந்து விரலையும் மடக்கி மடக்கிப் பார்த்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் உள்ளே போனதும் பழைய முதலாளி வெளியே வந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. போலீசைக் கூப்பிடுறேன். நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கே அறையைக் காலி பண்ணணும்."

"நான் கண்ணால பாத்ததை எழுதுவேன்" என்றார் அதிகாரியம்மா. "ஆனா முடிவு மேல இருக்கிறவங்க கையில."

"அவங்க கைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பத்திரமா இருக்கும்" என்றாள் கத்திரி. வாய் திரும்பி வந்துவிட்டது என்று மில்லுக்கே தெரிந்தது.

ஒயர்மேன் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தான். ஒவ்வொரு மிஷினாகப் போய் ஃபியூஸ் கட்டையை உருவினான், திருப்புளியால் பெட்டியைக் கழற்றினான்.

"டேய், யாரைக் கேட்டுக் கழட்டுற?"

"மாட்டினது நான்தான் முதலாளி. கழட்ட யாரையும் கேக்கத் தேவையில்லை." கழற்றிய பெட்டிகளை ஏந்தி வந்து, வெட்டின பொத்தான்களைக் கொட்டுவது போல முதலாளியின் காலடியில் கொட்டினான். பிறகு கத்திரியைப் பார்த்தான். "என் கணக்கு இதோட தீராதுன்னு தெரியும்கா."

"தீராது" என்றாள் கத்திரி. "ஆனா எழுதி வச்சதுல ஒண்ணு அழிஞ்சது. வா, இப்படி உக்காரு."

பச்சை துள்ளுகிற, சிவப்பு நிற்கிற பெட்டி எல்லா மிஷினுக்கும் வர வேண்டும். சின்னவளுக்கு நஷ்டஈடும் உட்கார்ந்து செய்கிற வேலையும் வேண்டும். பழைய கூலி வேண்டும். யார் அறையிலும் கை வைக்கக் கூடாது. அது வரைக்கும் ஒருவரும் மிஷினைத் தொடுவதில்லை. பேசி முடித்துவிட்டு எல்லோரும் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்கள்.

"எத்தனை நாள் பட்டினி தாங்குவீங்கன்னு பாக்குறேன்" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்.

"எங்களுக்கு அது பழக்கம் முதலாளி. உங்களுக்குத்தான் புதுசு" என்று நெட்டையன் பதில் கத்தினான்.

போலீஸ் வரலாம். பூட்டுப் போடலாம். வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு லாரி வரலாம். எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கத்திரிக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவிடுவதாகவும் அவளுக்கு உத்தேசம் இல்லை. அவர் கையை விட்டுக் கொடுத்தாயிற்று, இனி அவரை விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். கேட்டுக்குக் காவலாக முதலில் யார் எழுந்து நிற்பது என்று பேச்சு வந்தபோது அவள் எழுந்தாள்.

"நீ உக்காருக்கா. விரலுக்கு ஓய்வு குடு" என்று நெட்டையன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஆட்களைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். கத்திரி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, விறைத்த கட்டைவிரலை அவளுடைய இடது கைக்குள் கொடுத்தாள். சின்னவள் அதைத் தேய்த்துவிட்டாள்.

மதியத்துக்கு முன்னால் கரண்ட் போனது, பிறகு வந்தது. மில்லுக்குள் பல்பு ஒரு தடவை கண்ணடித்துவிட்டு முழுசாக எரிவதை ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே முதலாளி ஒவ்வொரு மிஷினாகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஓடவில்லை.